பசாரில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமாம்

திரிங்காப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறிக் கொட்டகை இருக்கிறது. முட்டைக்கோஸைத் தரம் பிரித்து லாரியில் ஏற்றும் இடம். போன வருடக் கடைசி மழையில் அங்கே ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. உள்ளே நான்கு பூனைக்குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கூடவே மடித்து வைத்த துண்டு, பாட்டில் மூடியில் கொஞ்சம் பால். விட்டுப் போனவர் இரக்கமில்லாதவர் இல்லை, துண்டு வைக்கத் தோன்றியிருக்கிறதே. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே, மழை ராத்திரியில், தாய்ச்சூடு இல்லாத குட்டிக்கு அந்தத் துண்டு எத்தனை மணி நேரம் தாங்கும்? பசும்பால் அதற்குச் செரிக்காது, வயிற்றாலே போகும். காலையில் இரண்டு விறைத்துக் கிடந்தன. மற்ற இரண்டும் மறுநாள்.

எனக்குச் சண்டை அந்த இரக்கத்தோடுதான்.

"பசார்ல விட்டா மீன் தலை கிடைக்கும், பொழச்சுக்கும்." மலேசியாவில் இதைச் சொல்லாத இனமே கிடையாது. பசார் இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கடை, அதுவும் இல்லாவிட்டால் காய்கறித் தோட்டம். "தோட்டத்துல எலி இருக்குல்ல?" இருக்கிறது. எலி விஷமும் இருக்கிறது, லாரி டயரும் இருக்கிறது, ஏற்கனவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் கடுவன்களும் இருக்கின்றன. ஆசை தீர்ந்த பூனையைக் கைகழுவுவதற்கு நாம் வைத்திருக்கும் நாகரிகமான பெயர்தான் "பொழச்சுக்கும்".

அடுத்து, சோறு போடுகிறவர்கள். இதில் என் சொந்த ஆட்களும் அடக்கம் என்பதால் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். எங்கள் வரிசையில் ஓர் ஆண்டி இருக்கிறார். பல வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தினமும் சோற்றில் மத்தி மீனைப் பிசைந்து பதினொரு பூனைகளுக்கு வைக்கிறார். தனக்கு மருந்து வாங்கும் காசில் அரிசி வாங்குகிறவர். அவரிடம் கெம்பிரி பற்றிப் பேசினால், "பாவம் தம்பி, ஆண்டவன் குடுத்தத நாம அறுக்கலாமா?" என்பார். போன வருடம் அவர் வாசலில் பிறந்த குட்டிகளில் எத்தனை மிஞ்சின என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் கேள்வி தப்பில்லை. பிறக்கப் பிறக்கச் சாகவிடுவது பாவமில்லை, பிறக்காமல் தடுப்பதுதான் பாவம் என்றால் அது என்ன கணக்கு?

கணக்கென்று வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன், என் தொழில் புத்தி அது. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஐந்தாறு மாதத்திலேயே பெண் குட்டி சினை பிடித்துவிடும், சில நேரம் அதற்கும் முன்னால். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈத்து சாதாரணம். வயிறு நிறையச் சோறு போட்டுக் கருத்தடையை மட்டும் விட்டுவிட்டால், ஆண்டி வளர்ப்பது பதினொன்றை அல்ல.

எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி மாவட்ட மன்றத்துக்கு மனு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கொண்டுபோன பின் என்ன நடக்கும் என்பதைக் கேட்காமல் இருப்பதில்தான் அவர்களுடைய நிம்மதி. சரி, மனசாட்சியை விடுங்கள், பலனையாவது பார்க்கலாம். குப்பையும் எலியும் மீன் தலையும் அங்கேயே இருக்கும்போது, காலியான இடத்துக்குப் பக்கத்துப் பூனைகள் வரத்தான் செய்யும். சிங்கப்பூரில் 1998-இல் வீதிப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் திட்டம் தொடங்கினார்கள். 2003-இல் சார்ஸ் பயத்தில் அதைக் கைவிட்டுப் பிடித்துக் கொன்றார்கள். பூனை தீரவில்லை. பிறகு கருத்தடைக்கேதான் திரும்ப வேண்டியிருந்தது. 1989 முதல் அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கு இருந்த தடையையும் 2024 செப்டம்பரில் நீக்கினார்கள். சென்னையில் புளூ கிராஸ் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது 1964-இல். மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆனது. இடைப்பட்ட முப்பத்திரண்டு வருடம் கொன்றுகொண்டே இருந்தார்கள்.

வேலை இதுதான். சோற்றை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்துப் பழக்க வேண்டும். கூண்டு வைப்பதற்கு முந்தின நாள் பட்டினி. மாட்டியதும் கூண்டைத் துணியால் மூடினால் பூனை அடங்கும். பெண் பூனையின் மடியைப் பார்க்க வேண்டும். பால் இருந்தால் எங்கோ குட்டி இருக்கிறது, முதலில் அதைத் தேட வேண்டும். அறுவை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டுவார்கள், அதே பூனை மறுபடி மேசைக்குப் போகாமலிருக்க. தேறியதும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வேறு இடத்தில் அல்ல. நாலைந்துக்குச் செய்துவிட்டு நிறுத்தினால் மிச்சமுள்ளவை ஒரே வருடத்தில் அதைச் சமன் செய்துவிடும். கடுவனுக்குச் செய்தால் ராத்திரிச் சண்டையும் மூத்திர நாற்றமும் பெரும்பாலும் குறையும். மனு எழுதுகிறவர்கள் கேட்பதே அதைத்தானே.

ஓர் ஆட்சேபணைக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மலைக்காடு. கெம்பிரி செய்த பூனையும் குருவி பிடிக்கும். அதனால் காட்டோரத்தில் சோறு வைப்பதை நான் எதிர்க்கிறேன். ஊருக்குள் இருப்பவற்றை ஊருக்குள்ளேயே வைத்து எண்ணிக்கையைக் குறைப்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

இலக்கிய நண்பர்களிடமும் ஒன்று. நம் பக்கங்களில் வாரத்துக்கு ஒரு பூனைக் கவிதை வருகிறது. மதில் மேல் பூனை, நிலவில் பூனை, தனிமையின் பூனை. ஒன்றுக்காவது காது நுனி வெட்டியிருக்கிறதா? ஒரு கவிதையிலாவது அதற்குப் பேன் இருக்கிறதா? நமக்கு வேண்டியது பூனையின் மர்மம், அதன் கருப்பை இல்லை.

சட்டம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அட்டைப் பெட்டி கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதில்லை. பூனையைப் பிடித்துக் கெம்பிரி செய்யச் சட்டத்தால் முடியாது. அதற்குக் கூண்டும் காரும் காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். நான் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறக்கிக் கொண்டுபோகிறேன். வளைவுக்கு வளைவு கூண்டுக்குள் வாந்தி. காரில் இன்னும் நாற்றம் போகவில்லை.

இதுவரை ஆறு முடிந்திருக்கிறது. ஆறாவது, ஆண்டி தானே தூக்கி வந்து கொடுத்த கறுப்பி. "வலிக்காம செய்யச் சொல்லுப்பா" என்றார். கூண்டை மூட அவருடைய பழைய சேலைத் துண்டைக் கொடுத்தார். மூவர்ணப் பூனை மட்டும் இன்னும் மாட்டவில்லை, மத்தி வாசனைக்கும் மசிய மாட்டேனென்கிறது. வயிறு வேறு கீழே இறங்கியிருக்கிறது.