பதிவு அட்டைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

படுவான்கரையில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் வலிப்புக்கு மருந்தெடுக்கும் மகளின் கிளினிக் கொப்பியைத் தாயே ஒளித்து வைத்துவிடலாம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு அம்மா சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். “மெல்லமாக் கதைங்க மிஸ், மருமகனுக்குத் தெரியாது.” மகளுக்கு அப்போது மூன்று மாதம். கொப்பியில் இருந்தது சோடியம் வல்ப்ரோயேட்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வலிப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே சம்பந்தம் முறிந்துவிடுகிறது. பிழை நாங்கள் கேட்கிற நேரத்தில்தான் இருக்கிறது. கருத்தரித்து 28 நாளளவில் சிசுவின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடும். பெண்கள் கர்ப்பப் பதிவுக்கு வருவதோ ஆறாம், எட்டாம் கிழமையில். வல்ப்ரோயேட் குடித்த தாய்மாரின் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சும் நடையும் படிப்பும் பிந்துகின்றன. பிரித்தானியாவில் 2018 முதல், கர்ப்பத் தடுப்பு ஏற்பாடு இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதை எழுத முடியாது.

இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று விட்டால் வலிப்பு விடாமல் தொடர்ந்து தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்விடும். லமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் போன்றவை வல்ப்ரோயேட்டைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் மாற்றுவதற்கு மாதக்கணக்காகும். வல்ப்ரோயேட்டோடு சேரும்போது லமோட்ரிஜின் இரத்தத்தில் தேங்கும். குறைந்த அளவில் தொடங்காவிட்டால் தோல் கொப்புளித்து உரிந்து உயிராபத்தாகலாம். அந்தக் கணக்கு வைத்தியருடையது.

கார்பமசெபின், பெனிடோயின் என்ற வலிப்பு மருந்துகளைக் குடிப்பவர்களுக்கு வேறு சிக்கல். இவை ஈரலை முடுக்கிவிட்டு, கருத்தடைக் குளிசையின் ஓமோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். கைத்தோலுக்குக் கீழே வைக்கும் குச்சிக்கும் இதே கதிதான். “கையில குச்சி இருக்கே மிஸ்” என்று நம்பியிருந்தவர் மறுபடி கர்ப்பமானதைக் கண்டிருக்கிறேன். அவருக்கு அதை வைத்தவர்களும் கேட்கவில்லை, வலிப்பு மருந்து கொடுத்தவர்களும் கேட்கவில்லை. லூப்புக்கும் மூன்று மாத ஊசிக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

கல்யாணம் முடிந்து புதுத்தம்பதியரைப் பதிய நாங்கள் போகிறோமே, அன்றைக்கே பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, வலிப்புக்கு மருந்தெடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். திண்ணையில், கணவர் முன்னால் கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் கேட்டால் சொல்லுவாள். வலிப்பு கிளினிக்கிலும் 15 வயதுப் பிள்ளைக்கு மருந்தெழுதும்போதே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, மருந்து போட்டுத் தரும் கடதாசி உறை. அதில் ‘காலை 1, இரவு 1’ என்பதோடு மருந்தின் பெயரையும் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். கொப்பியைக் காட்டக் கூச்சப்படுகிற பிள்ளைகூட உறையை பார்மசியில் நீட்டும்.