பிளாஸ்க் யாருக்குச் சொந்தம்?

இரவு ஷிப்டுக்குப் போகிறவர் பையில் பிளாஸ்க் இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர் பக்கத்திலும் இருக்கும். ஊற்றிய காப்பி பல மணி நேரம் ஆறாமல் இருக்கிறது. இந்தப் பாத்திரத்துக்காக ஒரு வழக்கு நடந்து, கண்டுபிடித்தவரே தோற்றுப் போனார் என்பது பலருக்குத் தெரியாது.

சர் ஜேம்ஸ் டியூவர் ஸ்காட்லாந்தில் பிறந்த விஞ்ஞானி. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், வாயுக்களைக் கடுங்குளிரில் திரவமாக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அப்படித் திரவமாக்கியதைச் சாதாரணப் பாத்திரத்தில் வைத்தால் கொதித்து ஆவியாகிவிடும். அதற்காக 1892-ல் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு குடுவையை வைத்து, இரண்டுக்கும் நடுவே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். காற்றில்லாத இடத்தை வெப்பம் எளிதில் தாண்டாது. கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்ததால் வெப்பக் கதிர்களும் திரும்பிவிட்டன. குளிரைக் காக்கச் செய்த பாத்திரம் சூட்டையும் காத்தது!

அறிஞர் சபையில் அதைக் காட்டினார், புகழ் பெற்றார். பேட்டண்ட் எனப்படும் காப்புரிமைக்கு மட்டும் மனுச் செய்யவில்லை.

ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பர்கர் என்பவர் கண்ணாடிக் கருவிகள் செய்யும் கைத்திறன் மிக்கவர். உடையக்கூடிய அந்தக் குடுவைக்கு உலோக உறை போட்டு, வெளியே எடுத்துச் செல்லும் பாத்திரமாக்கி, 1903-ல் காப்புரிமை வாங்கினார். 1904-ல் ‘தெர்மாஸ்’ என்ற பெயரில் வியாபாரம் தொடங்கியது. டியூவர் வழக்குத் தொடர்ந்தார். அவர்தான் கண்டுபிடித்தவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காப்புரிமை வாங்காதவர் மற்றவர்களைத் தடுக்க முடியாது என்று முடிந்துவிட்டது.

பர்கரைத் திருடர் என்று சொல்லிவிடுவதும் நியாயமல்ல. ஆராய்ச்சிசாலைப் பொருளைச் சமையலறைக்குக் கொண்டுவந்தது அவருடைய கைவேலை. அந்தக் கம்பெனிக்கும் முழு ஏகபோகம் நிலைக்கவில்லை. ‘தெர்மாஸ்’ என்பது மக்களின் பொதுச் சொல்லாகிவிட்டது என்று 1963-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்து, மற்றவர்களும் சில நிபந்தனைகளுடன் அதைப் பயன்படுத்த வழிவிட்டது.

அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், தாராவிப் பட்டறையில் லேத்து ஓட்டும் தமிழரின் கதி என்ன? தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் தோலிலும் வேலை செய்கிறவர் கைக்குப் புதுப்புது உபாயம் தோன்றுகிறது. கசியாத மூடி, உடையாத கைப்பிடி என்று ஏதோ ஒன்று செய்கிறார். முதலில் சேட்டிடம் காட்டுகிறார். அடுத்த மாதமே அது கடையில் தொங்குகிறது. செய்தவருக்குப் பழைய கூலிதான்!

இந்தியச் சட்டப்படியும், ஊரறிய வெளியான பொருள் புதுமை இழந்துவிடும். மனு முதலில், கண்காட்சி பிறகு என்பதே சரியான வரிசை. வேலை முற்றுப்பெறாவிட்டாலும் தற்காலிக விவரத்துடன் மனுப் போட்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். காப்புரிமை கிடைத்தால் 20 ஆண்டு செல்லும். பொருளின் உருவ அமைப்பு மட்டும் புதிது என்றால் டிசைன் பதிவு உண்டு; அது 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனி நபருக்குக் கட்டணத்திலும் சலுகை இருக்கிறது.

மும்பைக் காப்புரிமை அலுவலகம் இருப்பது ஆன்டாப் ஹில்லில். தமிழர் நெருக்கமாக வாழும் பகுதி அது, தாராவிக்கும் தொலைவில்லை. ஆயினும் மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்துப் போடக் கற்ற தொழிலாளி, சட்ட ஆங்கிலத்துக்கு எங்கே போவார்? ஏஜெண்டுக்குக் கொடுக்கவோ பணமில்லை.

தற்காலிக மனுவையாவது தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் ஏற்க மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். அதுவரை, இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆங்கிலம் அறிந்த குமாஸ்தாக்களைக் கொண்டு இந்தத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கலாமே!