அத்தோவுக்கு அத்தாட்சி கேட்கும் கனவான்கள்

சென்னையில் கொஞ்ச காலமாக ஒரு வியாதி பரவிக்கொண்டிருக்கிறது. பெயர் 'ஆத்தென்டிக்'. பாஸ்தா என்றால் இத்தாலியப் பாட்டி கையால் பிசைந்ததாக இருக்க வேண்டும். டாக்கோ என்றால் மெக்சிகோ தெருமுனையில் கிடைப்பது மாதிரியே இருக்க வேண்டும். இப்படிக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் மெக்சிகோவை சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள் என்பது வேறு விஷயம். அவர்கள் பாட்டுக்கு மாலில் உட்கார்ந்து டாக்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி பாரிமுனைக்கும் ராயபுரத்துக்கும் வந்து, அத்தோ கடை வாசலில் நின்று தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சிக்கல் அங்கேதான்.

தீர்ப்பு இரண்டு விதம். ஒரு கோஷ்டி, "ஹிடன் ஜெம்! யாருக்கும் தெரியாத அதிசயக் கடை!" என்று குதிக்கும். இன்னொரு கோஷ்டி இன்னும் படித்த கோஷ்டி. "இது அசல் பர்மா சாப்பாடே கிடையாது சார். நூடுல்ஸில் ஆரஞ்சு கலர். மீன் சாஸ் இல்லை. மொய்ங்காவில் மீனே காணோம். அசல் வேண்டுமென்றால் ஏசி ரெஸ்டாரன்டில் கவுசுவே சாப்பிட்டுப் பாருங்கள்" என்று உதட்டைப் பிதுக்கும். முதல் கோஷ்டிக்கு ஊர் தெரியவில்லை. இரண்டாவது கோஷ்டிக்கு வரலாறு தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தோ சாப்பிடாத புண்ணியவான்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். சாயங்காலம் ஆனால் பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச்சிலும், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமும் தள்ளுவண்டிகள் முளைக்கும். அவித்த நூடுல்ஸ், பொடிசாக நறுக்கிய முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, அது பொரிந்த எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையால் பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கிப் போட்டால் அத்தோ. கூடவே வாழைத்தண்டு சூப், பெரும்பாலும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் முட்டை மசாலா. அவ்வளவுதான் மெனு கார்டு.

சரி, இந்தச் சாப்பாடு இங்கே எப்படி வந்தது?

பர்மா 1937 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தமிழ்நாட்டிலிருந்து செட்டியார்கள் வட்டிக்கடை வைக்கப் போனார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பேர் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கப் போனார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். போர் முடிந்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் வங்கி, ஆலை, கடைசியில் பெட்டிக்கடை வரைக்கும் தேசியமயம். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரு அறிவிப்பு. (2016 நவம்பரில் வங்கி வாசலில் நின்றவர்களுக்கு இதன் வலி கொஞ்சம் புரியும்.) கடையும் போச்சு, காசும் போச்சு. எடுத்து வர அனுமதித்த பணமும் நகையும் மிகச் சொற்பம். கப்பல் கப்பலாக வந்து மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அரசாங்கம் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இன்னும் பல ஊர்களிலும் இடம் கொடுத்தது. 1969இல் துறைமுகத்துக்கு எதிரே நடைபாதையோரம் பர்மா பஜார் வந்தது. மூலைக்கொரு அத்தோ வண்டியும் வந்தது. வணிகவியல் பாடத்தில் 'புலனாகாச் சொத்து' என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. ரங்கூன் துறைமுகத்து சுங்க அதிகாரி மூட்டையை உதறிப் பார்த்தும் பிடுங்க முடியாமல் போன ஒரே சொத்து அந்தக் கைப்பக்குவம். அந்த மூலதனத்தில்தான் இந்த வியாபாரம் ஆரம்பித்தது.

இப்போது இரண்டாவது கோஷ்டியின் கேள்விக்கு வருவோம். இது அசலா, இல்லையா?

பெயர்களைப் பாருங்கள். பர்மிய மொழியில் 'அ-தொ(க்)' என்றால் கலந்து பிசைந்தது என்று அர்த்தம். அந்த ஊர் சாலட்களுக்கெல்லாம் அதுதான் பொதுப்பெயர். 'பே' என்றால் பயறு, 'ஜோ' என்றால் பொரித்தது. பேஜோ என்பது அட்சரம் பிசகாமல் அதே சொல். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத, எந்த சமையல் புத்தகத்தையும் பார்க்காத ஒரு சொல், அறுபது வருஷமாக வியாசர்பாடி வாய்களில் சேதாரமில்லாமல் புழங்கிக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய அத்தாட்சி எந்த நோட்டரியிடம் வாங்குவது?

கவுசுவே மட்டும்தான் அசல் என்கிறார்களே, அதுவும் வேடிக்கைதான். கவுசுவே என்றால் பர்மிய மொழியில் நூடுல்ஸ். வேறொன்றும் இல்லை. தேங்காய்ப்பாலில் செய்கிற கவுசுவே பர்மாவின் அசல் உணவுதான், சந்தேகமில்லை. ஆனால் அது பல வகைகளில் ஒன்று. இட்லி மட்டும்தான் தமிழ்நாட்டு உணவு, கூழ் போலி என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? ரங்கூன் தெருவில் மூட்டை தூக்கியவர் சாப்பிட்டதைத்தான் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் சாப்பிட்டார். அது பீங்கான் கிண்ணத்தில் வரவில்லை என்பதற்காக அதன் ஜாதகம் மாறிவிடாது.

"ஆனால் மீன் இல்லையே?" உண்மைதான். பர்மாவில் மொய்ங்கா என்றால் மீன் குழம்பு. மீனோடு வாழைத்தண்டும் கடலை மாவும் எலுமிச்சைப் புல்லும் சேரும். இங்கே பெரும்பாலான கடைகளில் மீன் போய், வாழைத்தண்டு மட்டும் தங்கிவிட்டது. கூப்பிடு தூரத்தில் காசிமேடு. மீனுக்கா பஞ்சம்? கணக்குப் போட்டால் விஷயம் புரியும். சைவம் சாப்பிடுகிறவரும் வண்டி முன் நிற்க வேண்டும், அசைவம் சாப்பிடுகிறவரும் நிற்க வேண்டும். சூப்பைச் சும்மா ஊற்ற வேண்டுமென்றால் அதன் அடக்கவிலை குறைவாக இருக்க வேண்டும். வாழைத்தண்டு இரண்டுக்கும் ஒத்துவரும். இந்த மாற்றத்தைத் 'தரம் குறைந்தது' என்று படிப்பது தப்பு. வந்த ஊரில் பிழைத்திருக்க ஒரு சமையல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது.

ஊர் மாறினால் உணவு மாறும் என்பது உலக வழக்கம். ஆத்தென்டிக் பிரியர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மெக்சிகோவின் 'டாக்கோ அல் பாஸ்டர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? லெபனானிலிருந்து போன குடியேறிகள் மெக்சிகோவில் போட்ட ஷவர்மா. நிமிர்ந்த கம்பியில் சுற்றுகிற இறைச்சி அப்படியே இருக்க, ஆட்டுக்கறி பன்றிக்கறி ஆனது, ரொட்டி சோளத் தட்டை ஆனது. இன்றைக்கு அது அசல் மெக்சிகோ. அதே மெக்சிகோ பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்த மிளகாய் இல்லாமல் இன்றைக்கு 'அசல்' தமிழ்ச் சாம்பார் உண்டா? போன இடத்திலும் இதே கதைதான். யாங்கூன் தெருக்களில் இன்றைக்கும் 'தோஷே' விற்கிறது. தோசைதான் வேறென்ன. பரோட்டா அங்கே 'பலாட்டா'. சமோசாவை வெட்டிப் போட்டு அதிலேயே ஒரு அ-தொ(க்) செய்கிறார்கள். பர்மாக்காரர் தோசையைப் பர்மியமாக்கலாம், லெபனான்காரர் ஷவர்மாவை மெக்சிகனாக்கலாம், வியாசர்பாடிக்காரர் மட்டும் மொய்ங்காவில் கை வைக்கக் கூடாதாம். இது என்ன நியாயம்?

ஒரே ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. அந்த ஆரஞ்சு கலர். செயற்கை நிறம் அளவு மீறினால் உடம்புக்கு ஆகாது, கடைக்காரரிடம் கலர் வேண்டாம் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அது சுகாதாரக் கேள்வி. அதைச் சுகாதாரக் கேள்வியாகவே கேளுங்கள். பரம்பரைச் சான்றிதழோடு போட்டுக் குழப்ப வேண்டாம். இன்னொரு கூத்தும் நடக்கிறது. அசல் வேண்டும் என்று வருகிறவர்களே, "கையால் பிசையாதீங்க, ஸ்பூன் போடுங்க" என்று முகம் சுளிக்கிறார்கள். கையால் பிசைவது அந்தச் சாப்பாட்டின் இலக்கணம். சுத்தமான கை வேண்டும் என்று கேட்கலாம். கையே வேண்டாம் என்றால் வேறு ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் :-)

அடுத்து 'ஹிடன் ஜெம்' கோஷ்டி. இவர்கள் திட்டுவதில்லை, பாராட்டத்தான் செய்கிறார்கள். பிறகென்ன குறை? 'ஹிடன்' என்ற சொல்தான் குறை. யாரிடமிருந்து ஒளிந்திருந்தது? பீச் ஸ்டேஷனில் இறங்கி தினமும் வீட்டுக்குப் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் லாரி டிரைவருக்குத் தெரியும். பாரிமுனை மொத்த வியாபாரிக்கும், கோர்ட் குமாஸ்தாவுக்கும் தெரியும். தெரியாதது பாலத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு. தங்களுக்குத் தெரியாததையெல்லாம் 'ஒளிந்திருந்தது' என்று சொல்வது கொலம்பஸ் காலத்து வியாதி.

வடசென்னை ஒளிந்துகொள்ளவே இல்லை. அதைப் பார்க்கிற கண்தான் விபத்து நடந்தால் மட்டும் திறக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் எண்ணெய் கொட்டியபோது திறந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது திறந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தை குட்டியோடு தெருவில் ஓடியபோது திறந்தது. அந்தப் பக்கத்திலேயே பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களின் பெயர் ஒட்டிய இடம், இங்கே தொழிற்சாலைகளின் காலடியில் இருக்கிறது. அங்கிருந்து வருகிற சாப்பாடு மட்டும் 'ஜெம்', அங்கே வாழ்கிற ஜனம் மட்டும் 'ரஃப் ஏரியா'வா?

இதெல்லாம் வெறும் சொல் சண்டை என்று நினைத்தால், காசு விஷயத்துக்கு வருவோம். மால் ரெஸ்டாரன்ட் ஒரு கிண்ணத்துக்கு நூற்றுக்கணக்கில் வாங்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அந்த விலையில் வாடகை இருக்கிறது, ஏசி இருக்கிறது, 'பர்மா' என்ற பெயருக்கான விலையும் இருக்கிறது. அந்தப் பெயரைக் கப்பலில் சுமந்து வந்தவர்களின் பேரப்பிள்ளை பத்து ரூபாய் ஏற்றினால் மட்டும் "ரொம்ப ஏத்திட்டீங்களே அண்ணே" என்று பேரம் ஆரம்பிக்கிறது. நற்பெயரை உண்டாக்கியது ஒருவர், லாபக் கணக்கில் எழுதிக்கொள்வது இன்னொருவர். எந்தக் கணக்குப் புத்தகத்தில் இது சரியாக வரும்?

அதைவிட முக்கியமானது நடைபாதை. 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டம் கொண்டுவந்தது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதிலே எழுதியிருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் சாலை அகலமாகும்போதும், ஊரை 'அழகுபடுத்தும்'போதும் முதலில் நகரச் சொல்வது தள்ளுவண்டியைத்தான். ஹிடன் ஜெம் என்று வீடியோ போட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? வண்டி போய்விட்டால் அவர்களுக்கு அடுத்த ஜெம் கிடைக்கும். வண்டிக்காரருக்கு அடுத்த நடைபாதை கிடைக்காது.

நாள் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1964இல் பத்து வயதுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவருக்கு இன்றைக்கு எழுபதைத் தாண்டியாயிற்று. ரங்கூன் மொய்ங்காவின் ருசியை நாக்கில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை அது. வண்டி தள்ளியவரின் பேத்தி காலேஜ் முடித்து ஆபீஸ் வேலைக்குப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது, போகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டியிடம் செய்முறையையும் கப்பல் கதையையும் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தார்களா என்பதுதான் கேள்வி. கேமரா பிடிக்கிறவர்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் மைக்கை ஒரு பத்து நிமிஷம் அவர் பக்கம் திருப்பினால் போதும்.

ஆகவே ஆத்தென்டிக் பிரியர்களே, தாராளமாக வாருங்கள். அசல்தானா என்று ஆராய்வதற்கு முன்னால், "எந்த வருஷம் வந்தீங்க? பர்மாவில் எந்த ஊர்?" என்று கேளுங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். வண்டியை எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், 2014ஆம் வருஷத்துச் சட்டம் என்று ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். அப்புறம் சூப் இன்னொரு கிண்ணம் கேளுங்கள், ஊற்றுவார்கள்.