மென்பொருள் பழசாகலாம், கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்

கண்டி நகரிலும் அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற ஊர்களிலும் உள்ள பழைய மொத்த வியாபாரக் கடைகள் சிலவற்றில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். படம் எதுவுமில்லாத வெறும் எழுத்துத் திரை. மவுசைத் தொடாமல் விசைப்பலகையிலேயே ஓடும் விரல்கள். கரகரவென்று மூன்று பிரதிகளை ஒன்றாக அடித்துத் தள்ளும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். இப்படியான கடைகளில் பலவற்றின் கணக்கு பொக்ஸ்ப்ரோவில்தான் ஓடுகிறது. இதை மாற்றத்தான் வேண்டுமா என்பது நமது வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி. புதிய மென்பொருள் விற்க வருபவரிடம் கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும். ஆகவே பாவிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். பொக்ஸ்ப்ரோ என்பது பில் போடும் மென்பொருள் அல்ல. பில் போடும் மென்பொருளை எழுதுவதற்கான கருவியும், எழுதிய கணக்கைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமும் ஒன்றாகச் சேர்ந்தது அது. அமெரிக்காவின் பொக்ஸ் சொப்ட்வெயார் நிறுவனம் உருவாக்கியதை 1992இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. கடைசிப் பதிப்பான விஷுவல் பொக்ஸ்ப்ரோ 9, 2004இன் இறுதியில் வெளிவந்தது. இனி அடுத்த பதிப்பு வராது என்று 2007 மார்ச்சில் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு அதற்கான உதவியும் முற்றாக நின்றது. அதாவது, செய்தவனே கைவிட்டுப் பத்து வருடங்களுக்கு மேலாகியும் நமது கடைகளில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஏன் விடவில்லை என்று கேட்டால் பாவிப்பவர்கள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. பலசரக்கு மொத்த வியாபாரி சொல்வது வேகம். நான்கு எழுத்தைத் தட்டினால் வாடிக்கையாளரின் பழைய பாக்கி திரையில் நிற்கும். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்குபவர் சொல்வது வேறு. ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு, சாக்குக்கு இத்தனை, முற்பணம் கொடுத்ததில் மீதி இத்தனை என்று நமது ஊர் வழக்கப்படி கணக்குப் பார்க்கும் மென்பொருள் எந்தக் கடையிலும் ரெடிமேடாகக் கிடைப்பதில்லை. ஹாட்வெயார் வியாபாரி கம்பியை டொன் கணக்கில் வாங்குகிறார். கிலோவிலும் விற்கிறார், துண்டுக் கணக்கிலும் விற்கிறார். இதையெல்லாம் அந்தக் காலத்தில் ஒரு பொடியன் கடையிலேயே உட்கார்ந்து, முதலாளி சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தான். சட்டை நமது உடம்புக்கு அளந்து தைத்தது. அதைக் கழற்ற மனம் வராதுதான்.

ஆனால் அதே ஆட்கள் சொல்லும் குறைகளையும் கேட்க வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் இன்டெக்ஸ் குழம்பிவிடுகிறது. மறுபடி ஒழுங்குபடுத்தும் வரை பில் போட முடியாது. ஒரு கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஏற்காது. மிகப் பழைய டொஸ் பதிப்பு இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதற்காகவே பழைய கணனி ஒன்றைத் தூசு தட்டி வைத்திருக்கிறார்கள். விஷுவல் பொக்ஸ்ப்ரோவில் எழுதியவை இன்னும் ஓடுகின்றன. ஆனால் எழுதிய பொடியன் இன்று கட்டாரிலோ கனடாவிலோ இருக்கிறான்.

அவன் இல்லாததன் விலை வரி மாறும்போதுதான் தெரிகிறது. வற் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நான்கு வருடங்களுக்குச் சற்று மேலான காலத்துக்குள் இத்தனை மாற்றம். இடையில் 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்து சேர்ந்தது. வரி வீதத்தை முதலாளியே மாற்றக்கூடியவாறு எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. நிரலுக்குள்ளே புதைத்து எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பொடியனைத் தேடி வாட்ஸ்அப்பில் கெஞ்ச வேண்டும். இது பொக்ஸ்ப்ரோவின் குற்றமல்ல. எழுதி வாங்கும்போது நாம் எதைக் கேட்டு வாங்கவில்லை என்பதன் விளைவு.

சரி, மாறுவதென்றால் எதற்கு? சிலர் மைக்ரோசொப்ட் எக்செஸுக்குப் போனார்கள். சிறு கடைக்கு அது கெட்டிக்காரத்தனமான தெரிவுதான். எக்செல் தெரிந்த பிள்ளையே ஓரளவு பழகிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களை யூனிகோடில் வைத்துத் தேடலாம். பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய பெயர்களைப் போல எழுத்துரு மாறியதும் குப்பையாகத் தெரியாது. ஆனால் அங்கேயும் அதே 2 கிகாபைட் எல்லை உண்டு. நான்கைந்து கணனிகளை நெட்வேர்க்கில் இணைத்து ஒரே கோப்பில் எல்லோரும் எழுதும்போது, இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகும் என்ற முறைப்பாடும் உண்டு.

இன்னும் சிலர் இணையத்தில் இயங்கும் தளங்களைப் பார்க்கிறார்கள். சென்னையில் வளர்ந்து தென்காசிப் பக்கக் கிராமத்திலும் அலுவலகம் நடத்தும் ஸோஹோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஸோஹோ கிரியேட்டர் இந்த வகைதான். படிவத்தைத் திரையில் இழுத்து வைத்தே ஒரு மென்பொருளைக் கட்டிவிடலாம். கண்டியில் கடை, மாத்தளையில் களஞ்சியம், கொழும்பில் மகன் என்று இருப்பவருக்கு மூன்று இடத்திலிருந்தும் ஒரே இருப்பைப் பார்க்க முடிவது பெரிய வசதி. இன்டெக்ஸ் குழப்பமும் இல்லை, சேர்வர் வாங்கும் செலவும் இல்லை.

ஆனால் இது வாங்குவதல்ல, வாடகைக்கு எடுப்பது. பாவிக்கும் ஆள் கணக்கில் மாதா மாதம் பணம். இப்படியான வாடகை டொலரில் கணக்கிடப்படும்போது என்ன நடக்கும் என்பதை 2022 நமக்குக் காட்டியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. வியாபாரம் பாதியாய்ப் படுத்த நேரத்தில் மென்பொருள் வாடகை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பானது. போதாததற்கு மணிக்கணக்கில் மின்வெட்டு.

ஆக, எது நல்லது? எனது அபிப்பிராயத்தில் கேள்வியே பிழை. எந்தத் தளம் என்பதற்கு முன், கணக்கு யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். எழுதிய பொடியன் இல்லாமல், அந்த மென்பொருளே இல்லாமல், நமது கணக்கை வெளியே எடுத்து வாசிக்க முடியுமா? முடியுமென்றால் பழைய பொக்ஸ்ப்ரோவும் பாதுகாப்பானதுதான். முடியாதென்றால் நேற்று வாங்கிய புதிய மென்பொருளும் ஆபத்துத்தான்.

இது கற்பனைப் பயமல்ல. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் லங்கா கவர்மென்ட் கிளவுட் மீது சைபர் தாக்குதல் நடந்தபோது, மே நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதி வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. மென்பொருள் பழைய பதிப்பு. அந்தக் காலப்பகுதிக்குத் தனியான பிரதியும் இல்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை. 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகள் எரிந்தபோது சாமானோடு சேர்த்துக் கொப்பிகளும் எரிந்தன. எரிந்த சாமானுக்கு மதிப்புப் போடலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எதை வைத்து மதிப்புப் போடுவது? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு கம்பளை நகருக்குள் வெள்ளம் புகுந்தது. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகருக்கு என்னவாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைக்குக் கீழே வைத்திருக்கும் கணனிதான் முதலில் நனையும்.

எனவே நமது வியாபாரிகள் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, மென்பொருள் எழுதி வாங்குபவர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் நிரலின் மூலப் பிரதியையும், கடவுச்சொற்களையும், எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்ற பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி வீதத்தை நீங்களே மாற்ற முடிகிறதா என்று முன்னால் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மாதம் ஒருமுறை கடன் பாக்கியையும் இருப்பையும் எக்செலில் திறக்கக்கூடிய கோப்பாக வெளியே எடுங்கள். பொக்ஸ்ப்ரோ கடைக்காரருக்கு இது இலகு. அதன் டிபிஎவ் கோப்புகளை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸிலேயே திறக்கலாம். இணையத் தளத்துக்கு வாடகை கட்டுபவரும் இதைச் செய்ய வேண்டும். வாடகை நின்றால் கதவும் பூட்டப்படும்.

மூன்றாவது, பிரதி கடையில் இருந்தால் அது பிரதியல்ல. ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். எடுத்த பிரதியை வேறொரு கணனியில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருக்க முடியாது.

நான்காவது, மாறுவதென்றால் நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்கு நடுவே மாறாதீர்கள். வரிக் கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, இரண்டின் பாக்கியும் ஒத்து வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை நிறுத்துங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குக் கடமையாகச் சொல்லப்பட்ட காரியம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதுவது பற்றியதுதான். கொப்பியில் எழுதினாலும் கணனியில் எழுதினாலும் நோக்கம் ஒன்று: நாளை நாம் இல்லாத நேரத்திலும் நமது பிள்ளைகள் அதைத் திறந்து, யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கடைக் கணனியில் உள்ள கணக்கை உங்கள் மகனால் இன்று திறக்க முடியுமா என்று இந்தக் கிழமையே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.