உண்ணாவிரதமும் உழவர் காணியும்



மதத் தலைவர்கள் அரசியலில் தலையிடலாமா என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். தலையிடலாம் என்பதே என் எண்ணம். ஆனால் எதற்காக, யாருக்காக என்பதைப் பார்க்கவேண்டும்.

2019ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதிலும் வெடித்தது. அந்த அச்சம் தீருமுன், யூன் மாதத்தில், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி ஒரு பௌத்த பிக்குவும் இந்து மதகுருவும் மாநகரசபை உறுப்பினர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை எதிர்த்து முஸ்லிம் மக்களும் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரே ஊரில் இரண்டு பந்தல்கள்.

செயலகம் சிறிய காரியமல்ல. காணி அனுமதிப்பத்திரமும் நிவாரணமும் அதன் வழியாகத்தானே வருகின்றன! தமக்கென ஒன்று வேண்டுமென்பவர்கள் பக்கமும் நியாயமுண்டு; எல்லை பிரிந்தால் தம் காணியும் கடைத்தெருவும் என்னாகுமோ என அஞ்சுபவர்கள் பக்கமும் நியாயமுண்டு. ஆனால் காணியிழந்த விவசாயிக்காக இரு சமூகத்தாரும் ஒரே பந்தலில் அமர்ந்ததை நான் கண்டதில்லை.

1990 ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் வயலை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது சிலருடைய வயல் காடாகிக் கிடந்தது. சிலருடைய காணியில் வன இலாகாவின் எல்லைக்கல் நின்றது. அந்தக் கல் யாரிடமும் மதம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் நடந்த ஒன்றை இங்கே நினைக்கிறேன். 1968இல் மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போதகர் மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்குத் துணையாக அங்கே சென்றார். அந்த நகரிலேயே ஏப்ரல் 4ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். தன் இனத்தவருக்காகத்தானே போனார் என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. ஏழை வெள்ளையரையும் ஏனைய இனத்து ஏழைகளையும் ஒன்றுசேர்த்துத் தலைநகருக்கு அழைத்துச்செல்லும் ஏற்பாட்டில் அவர் அப்போது ஈடுபட்டிருந்தார்.

நமக்கு இது புதிதா? போடியார் ஒரு சமூகம், வயலில் இறங்குபவர் மறு சமூகம் என்று சேர்ந்தே வேளாண்மை செய்த கரை இது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்திலும் உண்டு. கல்லோயாத் தண்ணீரும் இரு சமூகத்தாரின் வயலுக்கும் பாய்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான். ஒவ்வொரு வட்டையிலும் காணியிழந்த எல்லோருடைய பெயரையும் ஒரே பட்டியலில் எழுதுவோம். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய ரசீது, எது கையிலிருந்தாலும் அதன் பிரதியைச் சேர்ப்போம். பத்திரங்கள் முகாமில் தொலைந்திருந்தால், பக்கத்து வயல்காரர் சாட்சி சொல்லட்டும். அவர் மற்றச் சமூகத்தவரானால் அந்தச் சாட்சிக்கு இன்னும் பெறுமதியுண்டு. மௌலவியும் குருக்களும் பாதிரியாரும் விகாராதிபதியும் அந்த ஒரே மனுவில் ஒப்பமிடட்டும்.

செயலக எல்லை பற்றிய பேச்சு தொடரட்டும். ஆனால் அது முடியும்வரை உழவர் காத்திருக்க முடியாது. அடுத்த பெரும்போகத்திற்கு முன் இந்தப் பட்டியலையாவது எழுதி முடிப்போமா?