இருபது சோதனைகள், ஒரு நட்சத்திரக் குறி

ஐகார, ஔகாரங்கள் நீங்கலாகத் தமிழில் பத்து உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் ஃபார்மன்ட், இரண்டாம் ஃபார்மன்ட் என இரண்டு அளவுகள். கோலார் தங்கவயல் தமிழரையும் அவர்தம் முன்னோர் புறப்பட்டுவந்த வட ஆர்க்காட்டுத் தமிழரையும் பேசவைத்துப் பதிவுசெய்து, எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் டி சோதனையை ஒவ்வோர் அளவுக்கும் இயக்கினால் 20 பி மதிப்புகள் வந்து விழும். அவற்றுள் ஒன்று 0.03 என்றிருந்தால் போதும். அதற்கு ஒரு நட்சத்திரக் குறி, "கன்னடத் தாக்கத்தால் தங்கவயல் தமிழில் ஒகரம் திரிந்தது" என்று ஓர் இயல். எஞ்சிய 19 சோதனைகள் ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை.

இரு குழுவினரிடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று கொள்வோம். 0.05 வரம்பில் ஒரு சோதனை பொய்யாக மணியடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றேனும் அவ்வாறு அடிக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. ஒரே வாயிலிருந்து பிறக்கும் அளவுகள் சார்பற்றவை அல்ல. ஆகவே எண் சற்று மாறும், இடர் மாறாது. போன்ஃபெரோனி திருத்தத்துக்குச் சார்பின்மை தேவையுமில்லை: 0.05ஐ 20ஆல் வகுத்தால் 0.0025. அந்த வரம்பின் முன் 0.03 நிற்காது. அது கடுமை எனில் 1979இல் ஹோம் தந்த முறை உண்டு. ஆர் மென்பொருளின் இணைச்சோதனைக் கட்டளை கேளாமலே ஹோம் திருத்தத்தைச் செய்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸின் டி சோதனைப் பட்டியலோ ஒவ்வொரு சோதனையையும் தனியொன்றாகவே பாவிக்கிறது. மென்பொருள் கேட்பதில்லை, நெறியாளரும் கேட்பதில்லை.

திருத்தினால் மெய்யான வேறுபாடும் மறைந்துவிடும் என்பர். அதில் உண்மையுண்டு. அதற்கு மருந்து, எந்த உயிர் ஏன் மாறியிருக்கும் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிவைத்து இரண்டே சோதனைகளோடு நிற்பது. இருபதையும் இயக்கிய பின் கருதுகோளைத் தேடுவது அன்று.

அதே தங்கவயலின் சுரங்க ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. 1980களில் அங்கிருந்தே புரோட்டான் சிதைவுக்கான நிகழ்வுகள் சிலவும் முன்வைக்கப்பட்டன. அமெரிக்க, ஜப்பானியக் கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. அந்த இயற்பியலாளர்க்கு அது இழுக்கன்று. ஒவ்வொரு நிகழ்வையும் விவரித்து அவர்கள் வெளியிட்டதால்தான் பிறர் மறுக்க முடிந்தது. மறைத்த 19 சோதனைகளை எவர் மறுப்பது?

இழப்பு ஆய்வாளருக்கு இல்லை. 2001இல் சுரங்கம் மூடியபின் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் அம்மக்களின் பேச்சு ஏற்கெனவே "கலப்புத் தமிழ்" என்று இகழப்படுகிறது. அந்த இகழ்ச்சிக்கு இப்போது ஒரு பி மதிப்பும் சான்றாகிறது. அடுத்த ஆய்வேடு அதை மேற்கோள் காட்டும், அதற்கடுத்தது அதை நிறுவப்பட்ட செய்தியென்றே எழுதும். இருபது மதிப்புகளையும் பின்னிணைப்பில் அச்சிட ஒரு பக்கம் போதும்.