படைச் சின்னங்களும் பெயரும்

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நிகழ்ந்தது. நம் நாட்டினின்றும் வீரரும் பணியாளருமாகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அப்போரின் பொருட்டுக் கடல் கடந்து சென்றனர். அன்னார் இல்லங்கள் சிலவற்றில் பதக்கமும், தொப்பிச் சின்னமும், துப்பாக்கி முனையில் செருகும் பயனெட்டும் இன்றும் உள. அவற்றைப் பெற்ற பெயரர் சிலர் புளியிட்டுத் துலக்குவர். சிலர் எடைக்கு விற்பர். இரண்டும் தகாத செயல்கள் என்பேன்.

உலோகத்தில் பொறித்த எழுத்தும் கல்வெட்டுப் போன்றதே. 1907 வகைப் பயனெட்டின் அலகு 17 அங்குல நீளமுடையது. பிடியை அடுத்து, முடியுருவமும் 1907 என்னும் எண்ணும் காணப்படும். அதனைச் செய்த ஆண்டெனக் கொள்ளுதல் பிழை. அது வகையின் பெயரே. செய்த திங்களும் ஆண்டும் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். சென்னை ரெஜிமெண்டின் சின்னத்தில் விளங்கும் யானை, 1803-இல் நடந்த அஸ்ஸாயேப் போரின் நினைவாகும்.

ஆயினும், அலகு தன்னைப் பற்றியே கூறும். ஏந்தியவன் பெயரைக் கூறாது. அப்போருக்கென வழங்கிய பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பிலோ, பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. அடிக்கடி துலக்கின் அவ்வெழுத்துகள் தேய்ந்தொழியும்.

ஆதலின், மாணவர்களே, உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைமின். கூரிய அலகைப் பெரியோர் துணையின்றித் தொடாதீர். எழுத்துகளை உள்ளவாறே பெயர்த்தெழுதி, முதியோர் கூறுவதையும் உடன் குறித்து வைமின். விற்ற வெள்ளியை மீண்டும் வாங்கலாம். தேய்ந்த பெயரை எங்ஙனம் வாங்குவது?